கன்ட்ரோலர் மாற்றும் வேலை: ஓசூர் ஸ்டோரேஜ் சேவை நிறுவனம் பற்றிய மதிப்பீடு

ஓசூரிலுள்ள இந்தச் சேவை நிறுவனத்திடம் ஸ்டோரேஜின், அதாவது சர்வர்களின் தரவை வட்டுகளில் வைத்திருக்கும் பெட்டியின், பழுதுவேலையை ஒப்படைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒப்படைக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அவர்கள் பொருத்தும் உதிரிப்பாகம் புதியதா, புதுப்பிக்கப்பட்டதா என்பதை முதல் பேச்சிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் நான். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில் எங்கள் ஸ்டோரேஜை இயக்கும் இரண்டு கன்ட்ரோலர்களில் ஒன்று செயலிழந்தது. அதை மாற்றித் தந்தவர்கள் இவர்கள்.

வட்டு பழுதானால் என்ன செய்வது என்பது இப்பகுதியின் சிறு நிறுவனங்களுக்கும் இன்று தெரியும். தரவைப் பல வட்டுகளில் பகிர்ந்து வைக்கும் ரெய்டு 6 அமைப்பில் இரண்டு வட்டுகள் வரை போனாலும் தரவு தொலையாது. புது வட்டைச் செருகினால் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அது நிரப்பப்பட்டுவிடும். கன்ட்ரோலரின் கதை வேறு. சர்வர்கள் கேட்பதை வட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், எழுத வருவதை முதலில் கேஷ் என்னும் தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வட்டில் இறக்குவதும் அதன் வேலை. இரட்டைக் கன்ட்ரோலர் பெட்டியில் ஒன்றின் கேஷில் உள்ளது மற்றதிலும் நகலாக இருப்பதால், ஒன்று திடீரென நின்றாலும் வட்டில் இறங்காத தரவு தொலைவதில்லை. எங்களிடமும் எதுவும் தொலையவில்லை. ஆனால் துணை இழந்து தனித்து நிற்கும் கன்ட்ரோலருக்கு நகல் வைக்க இடமில்லை. ஆகவே பெரும்பாலான பெட்டிகளில் அது கேஷை நம்புவதை விட்டுவிட்டு, எழுத வந்த ஒவ்வொன்றையும் வட்டில் முடித்த பின்னரே சர்வருக்குப் பதில் சொல்லும் முறைக்கு மாறிக்கொள்கிறது. எடைமேடைச் சீட்டும், டிரம் வாரியாகப் பதிய வேண்டிய பேட்ச் விவரங்களும் திரையில் ஏறுவதற்குத் திணறி, வாசலில் லாரிகள் தேங்கியதற்குக் காரணம் அதுதான்.

பெட்டியின் வயது கருதி, தயாரிப்பாளரின் பராமரிப்பு ஒப்பந்தத்தை எங்கள் நிர்வாகம் முன்பே நிறுத்தியிருந்தது. மறுபடி சேர வேண்டுமானால் விடுபட்ட காலத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றார்கள். இத்தொழிலில் இது வழக்கந்தான் என்றாலும், பழைய பெட்டிக்கு அந்தத் தொகை கட்டுபடியாகாது. எனவேதான் ஓசூரை அழைத்தோம்.

இந்நிறுவனத்தின் தரம் தெரிந்தது, அவர்கள் கையில் ஸ்க்ரூடிரைவர் எடுப்பதற்கு முன்னால்தான். தொலைபேசியிலேயே பெட்டியின் மாடல், கன்ட்ரோலரின் லேபிளில் உள்ள பாக எண், ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பு, பெட்டியின் நிகழ்வுகள் பதிவாகும் முழு லாக் கோப்பு ஆகியவற்றைக் கேட்டார்கள். ஒரே மாடல் பெயரில் வரும் கன்ட்ரோலர்களே போர்ட் வகையிலும் கேஷ் அளவிலும் வேறுபடக்கூடும் என்பதால், பாக எண் பொருந்தாமல் எதையும் கொண்டுவர மாட்டோம் என்றார்கள். லாக்கைப் படித்துவிட்டு, நின்றுபோனது கன்ட்ரோலர்தான், மின்வழங்கியோ வட்டு இணைப்போ அன்று என்பதையும் காரணத்தோடு விளக்கினார்கள். பழுதானதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடலாமா என்று எங்கள் மேலாளர் கேட்டதற்கு, “வேண்டாங்க சார், புதுசு வர்ற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்” என்று பதில் வந்தது. காலியான இடம் வழியாகக் காற்று தப்பிவிட்டால் உள்ளே செல்ல வேண்டிய குளிர்காற்றின் ஓட்டம் கெட்டு, நல்ல கன்ட்ரோலரும் சூடேறும் என்பதே காரணம். ஏசி சற்றுத் தடுமாறினாலே வெப்பம் ஏறிவிடும் எங்கள் சர்வர் அறைக்கு அது சரியான எச்சரிக்கை.

பேக்கப் விஷயத்தில் அவர்கள் காட்டிய பிடிவாதம் முதலில் எங்களுக்கு எரிச்சலூட்டியது. பேக்கப் எடுத்தாயிற்று என்று சொன்னது போதவில்லை. அதிலிருந்து சில கோப்புகளை வேறொரு சர்வரில் மீட்டுத் திறந்து காட்டிய பிறகே தேதி கொடுத்தார்கள். ஒரே ஒரு கன்ட்ரோலரில் ஓடும் பெட்டியில் கை வைக்கும்போது தவறுதலாக நல்லதைப் பிடுங்கிவிட்டால் முழுத் தொழிற்சாலையும் நின்றுவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பிடிவாதத்துக்கு மதிப்பெண் கூட்டித்தான் போட வேண்டும்.

மாற்றும் வேலை அதிக நேரம் பிடிக்கவில்லை. பெட்டியை நிறுத்தாமலே செய்யக்கூடியதுதான் என்றாலும், இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடைப்பட்ட கழுவும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலாண்மைத் திரையிலிருந்து அடையாள விளக்கை எரியவிட்டு, மேலே இருப்பது ஏ, கீழே இருப்பது பி என்பதை இருவர் சேர்ந்து உறுதிசெய்தார்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் சீட்டு ஒட்டி, நிலைமின் காப்புப் பட்டையை மணிக்கட்டில் கட்டி, அதன் பிறகே பழுதானதை வெளியே இழுத்தார்கள். அடுத்து அந்தப் பொறியாளர் செய்ததைப் பலர் செய்யமாட்டார்கள்: டார்ச் அடித்து, பெட்டியின் நடுவில் கன்ட்ரோலர்கள் செருகப்படும் இணைப்புப் பலகையான மிட்பிளேனில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்தார். இடமே கெட்டிருந்தால் புதுக் கன்ட்ரோலரும் அங்கே விழித்தெழாது. சோதனைக்காக நல்லதை அந்த இடத்துக்கு மாற்றிப் பார்ப்பதோ இருப்பதையும் இழக்கும் வழி.

புதிதாகச் செருகியதன் ஃபர்ம்வேர் வேறு பதிப்பாக இருந்தது. இரு பக்கமும் ஒரே பதிப்பில் இருந்தால்தான் இரண்டும் ஜோடியாக இயங்கும். எங்கள் பெட்டியில் ஒன்றைப் பார்த்து மற்றது தானாகவே சமன்செய்துகொள்ளும் வசதி உண்டு; அது முடியும் வரை திரையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும், கன்ட்ரோலர் தானே மறுதொடக்கமும் ஆகும். அந்நேரத்தில் பொறுமையிழந்து யாரும் மின்சாரத்தைத் துண்டித்துவிடக் கூடாது என்று ரேக்கின் முன்னால் ஆளை நிறுத்தியே வைத்தார்கள்.

பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பிவிடவும் இல்லை. ஒவ்வொரு சர்வரிலும் உட்கார்ந்து, இரண்டு கன்ட்ரோலர்கள் வழியான பாதைகளும் தெரிகின்றனவா என்று பார்த்தார்கள். ஒரு சர்வரில் பாதி பாதைகள் வராததைக் கண்டு, சரியாக அமராத ஃபைபர் கேபிளைத் திருத்தினார்கள். சில மாடல்களில் போர்ட் முகவரிகள் கன்ட்ரோலரோடு போய்விடுவதால் சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் ஃபைபர் ஸ்விட்சில் அனுமதிப் பட்டியலை மாற்ற வேண்டியிருக்கும். எங்களுடையதில் அவை பெட்டிக்குரியவை என்பதை முன்கூட்டியே சரிபார்த்து வந்திருந்தார்கள். எல்லாச் சுமையும் ஒரே பக்கம் குவிந்திருந்ததையும் விடவில்லை; வால்யூம்களை (சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்த வட்டு இடங்களை) அவற்றுக்கு உரிய கன்ட்ரோலருக்குத் திருப்பி, கேஷ் நகல் மீண்டும் இயங்குவதைத் திரையில் காட்டிய பின்னரே கையெழுத்து வாங்கினார்கள். எடைமேடையின் வேகம் அன்றைக்கே பழைய நிலைக்கு வந்தது.

இனி குறைகள். பொருத்தப்பட்டது புதுப்பிக்கப்பட்ட பாகம் என்பது விலைப்புள்ளியில் இல்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்கள். உற்பத்தி நின்றுபோன மாடலுக்குப் புதிய பாகம் கிடைப்பது அரிது என்பதை நான் ஏற்கிறேன், ஆனால் அதைக் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும். உத்தரவாதமும் பாகத்துக்கு மட்டுமே. அது மீண்டும் கெட்டால் வந்துபோகும் செலவு நம்முடையது. இவ்வளவு நுணுக்கமாக வேலை பார்த்தவர்கள் கொடுத்த அறிக்கை இரண்டு வரி. பழைய, புதிய வரிசை எண்களும் ஃபர்ம்வேர் பதிப்பும் அடங்கிய முழு அறிக்கையை வற்புறுத்தித்தான் பெற வேண்டியிருந்தது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் தருவது இதனால்தான்.

பழுதான கன்ட்ரோலரைத் தங்களிடம் ஒப்படைத்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிப்பதாகச் சொல்கிறார்கள். மின்சாரம் போனால் கேஷில் இருப்பதைச் சேமித்து வைக்கும் ஃபிளாஷ் கார்டு அதற்குள் இருக்கக்கூடும். அதில் நம் தரவின் துணுக்குகள் தங்கியிருக்கலாம். கார்டை எங்களிடமே வைத்துக்கொண்டு பலகையை மட்டும் கொடுக்கிறோம் என்றோம். தகராறு எதுவுமின்றி ஒப்புக்கொண்டு, கழிவையும் முழுதாகவே தந்தார்கள்.