கோத்தகிரிப் பக்கம் ஒரு டீச்சர் நடத்தும் கதைச் சாயங்காலம்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு இதுவரை மூன்று முறை போய்விட்டேன். கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், தேயிலைக்கு நடுவே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. காசு எதுவும் கிடையாது. நடத்துகிற டீச்சர் தன் பேரைப் போட வேண்டாம் என்றார்.

அந்த ஊரில் மேலே ஹட்டி, அதாவது படகர் மக்களின் குடியிருப்பு; கீழே லைன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லைன் வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போல இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் வந்த குடும்பங்கள். ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்களாம். 'பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆள் வேணும், வாங்க' என்று டீச்சர் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறார்.

நடுவில் ஒரு பொருளை வைப்பார். அதை வைத்து ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முடிந்ததும், மற்றப் பக்கத்து ஆள் ஒருவர் அதே கதையைத் தான் கேட்டபடி திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த ரெண்டாவது பாதிதான். திருப்பிச் சொல்லணும் என்றால் காது கொடுத்துக் கேட்டுத்தானே ஆகணும்?

நாங்கள் போன முதல் நாள் தகரப் பெட்டி வைத்திருந்தார். அம்மா வாயைத் திறப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டிலேயே அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். அன்றைக்குப் பெட்டியின் கொக்கியைத் தடவிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். 1974, அவருக்குப் பன்னிரண்டு வயது. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப். பாட்டி அந்தப் பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு தேங்காய்த் துருவியை வைத்தாராம். போகிற இடத்தில் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடணுமே என்று.

திருப்பிச் சொன்னவர் ஹட்டியைச் சேர்ந்த ஒரு தாத்தா, தலையில் வெள்ளை முண்டாசு. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், 'மழையில பெட்டிய தலையில வச்சு நின்னாங்க' என்றார். அம்மா மழை என்று சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். அப்புறம், 'ஆமாங்கய்யா, மழைதான். நான் மறந்தே போய்ட்டேன்' என்றார். 'எங்க முன்னோரும் மைசூர்ச் சீமையிலிருந்து மூட்டையோட மலையேறி வந்தவங்கதாம்மா' என்றார் தாத்தா. அடுத்த மாதம் அம்மா தேங்காய் ரொட்டி சுட்டு எடுத்துப் போனார். ஹட்டிப் பெண்கள் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. கேட்ட கதையை நோட்டில் எழுத வேண்டும், திங்கட்கிழமை வகுப்பில் அதுதான் வாசிப்புப் பாடம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கப்பலுக்குச் சக்கரம் போட்டு வரைந்திருந்தான். டீச்சர் அதை அழிக்கச் சொல்லவில்லை.

குறையும் உண்டு. நாலு மணி என்றால் நாலே முக்காலுக்குத்தான் தொடங்குகிறது. உட்காரச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுதான், முழங்கால் வலிக்காரர்களுக்கு ரொம்பச் சிரமம். ரெண்டாவது முறை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருந்த பாட்டி அப்படியே நிறுத்திவிட்டார், அன்று அவர் அந்தக் கதையை முடிக்கவே இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போன் கூடாது என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஆறு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். வயசானவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்று கையோடு இருக்கட்டும். திரும்புகிற கடைசி பஸ்ஸை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒருமுறை அது போய்விட்டது. அந்தத் தாத்தாவின் பேரன்தான் தன் பிக்கப்பில் கோத்தகிரி வரை கொண்டுவந்து விட்டான்.