கரண்ட் போனதும் வேகம் குறையும் லைம்2: என் அனுபவம்

அப்பா வாசித்த நாகஸ்வரக் கச்சேரிகள் வீட்டில் கேசட்டுகளாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பதிந்தெடுத்து, ஒலித்தரம் குறையாமல் ஃப்ளாக் (FLAC) கோப்புகளாகச் சுருக்கி, வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வைக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு தேடினேன். எங்கள் தெருவில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், மெமரி கார்டு ஒன்று அப்படியே கெட்டது. அதில் இருந்த கல்யாணி ஆலாபனையைத் திரும்பப் பதிய வேண்டியதாயிற்று.

வாங்கியது ஓலிமெக்ஸ் ஏ20 லைம்2. பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்து நிறுவனம். போர்டின் வரைபடங்களையே வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு கோர், 1 ஜிபி ரேம், 32 பிட். இன்றைய கணக்கில் பழைய சிப்தான். ஆனால் லித்தியம் பேட்டரிக்கான சாக்கெட் போர்டிலேயே இருக்கிறது. இதே மாதிரி சின்ன போர்டான ராஸ்பெரி பை 4-இல் அந்த சாக்கெட் இல்லை. உள்ளே வரும் வோல்டேஜ் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பை 4 எச்சரிக்கும். எனக்கு அதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

லைம்2-இல் மின்சாரத்தைக் கவனிப்பது ஏஎக்ஸ்பி209 என்ற தனி சிப். அடாப்டர் பிடுங்கப்பட்டால் பேட்டரிக்கு அதுவே மாற்றிவிடும், போர்டு நிற்காது. போர்டில் ஓடும் இயங்குதளமான லினக்ஸுக்கும் சொல்லிவிடும். அந்தச் செய்தியைப் பிடித்து ஒரு யூடெவ் (udev, சாதனங்களில் மாற்றம் வந்தால் சொன்ன வேலையைச் செய்யும் லினக்ஸ் பகுதி) விதி எழுதினேன்: அடாப்டர் இருந்தால் உச்ச வேகம் 960 மெகாஹெர்ட்ஸ், இல்லாவிட்டால் 528. இரண்டு கோருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

ஏன் 528? இந்த சிப்புக்கு லினக்ஸில் உள்ள அட்டவணைப்படி 960-க்கு 1.4 வோல்ட், 528-க்கு 1.1, 312-க்கு 1.0. செலவாகும் மின்சாரம் வேகத்தோடும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 528-இல் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிறது. 144 வரைகூட இறக்கலாம்தான், ஆனால் அங்கேயும் 312-இல் உள்ள அதே 1.0 வோல்ட். வேலை முடியத்தான் நேரமாகும், ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் செலவு 312-ஐவிடக் குறையாது. நான் முதலில் 144 வைத்துப் பார்த்தேன். பாட்டைத் தொட்டால் தொடங்கவே தாமதம். அம்மா கேட்கும் நேரத்தில் அது சரிப்படாது.

இந்த விதியில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். நிலை மாறும்போது வரும் செய்தியை மட்டும் பிடித்திருந்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் ரீபூட் ஆனால் எதுவும் மாறுவதில்லையே, செய்தியும் வராது. பேட்டரியில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பூட் ஆகும்போது வரும் சேர்ப்புச் (add) செய்தியையும் விதியில் போட்டபின் சரியாயிற்று. இதையே செய்யப் போகிறவர்கள் இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் கவனம் வேண்டும். உள்ளூர்க் கடையில் வாங்கிய பேட்டரியின் பிளக் கச்சிதமாக உட்காரும் போலிருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. பிளக் ஒன்றுதான், கம்பி வரிசை ஆளுக்கொன்று. போர்டில் அச்சிட்டிருக்கும் குறியோடு ஒப்பிடாமல் செருகவே செருகாதீர்கள்.

வெறும் வேகத்துக்காக வாங்குவதானால் இது வேண்டாம், பை 4 எவ்வளவோ மேல். இரவும் பகலும் ஒரு மூலையில் ஓடவேண்டிய, பாதியில் சாகக்கூடாத வேலைக்கு லைம்2-ஐத் தயங்காமல் சொல்வேன். இப்போது கரண்ட் போனால் ஸ்கிரிப்ட் வேகத்தைக் குறைத்து, சுருக்கும் வேலையையும் நிறுத்தி வைக்கிறது. பாட்டு மட்டும் ஓடுகிறது. பேட்டரி 15 சதவீதத்துக்கு வந்தால் கோப்புகளை மூடிவிட்டு அணைந்துவிடும். இன்னும் பதினோரு கேசட் பாக்கி. அதில் ஒன்று கோயில் புறப்பாட்டில் வாசித்த மல்லாரி.