ராத்திரி லோடுக்கு எந்த ஓடிபி? எஸ்எம்எஸ், சந்தேஸ், ஷீல்டு, பாஸ்கீ: ஓர் ஒப்பீடு

தொப்பூர் கணவாயில் வண்டி ஆக்சில் போய் நிற்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஏற்றிய உதிரிபாகம், கோயம்புத்தூர் லோடு, மணி ராத்திரி ஒன்றரை. மாற்று வண்டி கிடைத்துவிட்டது. ஆனால் அதன் எண்ணை இ-வே பில்லின் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) வண்டி விவரம் எழுதும் பகுதி-பியில் ஏற்றாமல் சரக்கை நகர்த்தக் கூடாது. வழியில் பறக்கும் படை மடக்கினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும். எண்ணை ஏற்றப் போர்ட்டலுக்குள் நுழைய வேண்டும், நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் சிம் முதலாளியின் போனில். முதலாளி தூக்கத்தில்.

இரண்டாவது பூட்டு தேவையா என்று பேசும் காலம் முடிந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் 20 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கும், பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இ-வே பில், இ-இன்வாய்ஸ் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஓடிபியும்) கட்டாயம். அங்கே வழி மூன்று: எஸ்எம்எஸ், மத்திய அரசின் கணினி அமைப்பான என்ஐசியின் சந்தேஸ் செயலி, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலி. மூன்றும் ஒன்றுதானே என்று எஸ்எம்எஸ்ஸிலேயே விட்டுவிடுகிறவர்கள் பலர். கிருஷ்ணகிரி, தருமபுரி நிலவரத்துக்கு மூன்றிலும் மோசமானது அதுதான்.

எஸ்எம்எஸ்: சுலபம், அவ்வளவுதான்

எதையும் நிறுவ வேண்டாம், பட்டன் போனிலும் வரும். இதற்கு மேல் அதைப் புகழ ஒன்றுமில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கம், சித்தேரி, வத்தல்மலை என்று போனால் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மெசேஜ் தாமதமானால் கை சும்மா இருக்காது, 'மீண்டும் அனுப்பு' என்பதை அழுத்தும். பெரும்பாலான தளங்களில் புதியது கிளம்பியவுடன் பழையது செத்துவிடும். ஆனால் முதலில் வந்து சேர்வது பழையதுதான். அதை அடித்து, தவறு என்று வந்து, திரும்ப அழுத்தி, நாலைந்து தடவையில் உள்ளே போக வழியில்லாமல் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை அழுத்தினால் இரண்டு நிமிஷம் காத்திருப்பதே வேகமான வழி.

அடுத்த கோளாறு, அந்த எண் யாருடையது என்பது. ஜிஎஸ்டி பதிவு செய்த அன்று ஆடிட்டர் ஆபீஸ் எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்த கடைகள் உண்டு. 'ஜிஎஸ்டிக்கு மட்டும்' என்று வாங்கிய இரண்டாவது சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, உள்வரும் மெசேஜும் நின்றுபோன கதையும் உண்டு. சரிசெய்ய, ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவுத் திருத்தத்தில் நான்-கோர் (முக்கியமல்லாத விவரங்கள்) பகுதிக்குப் போய், கையொப்ப அதிகாரம் பெற்றவரின் விவரத்தில் எண்ணை மாற்றி, புது எண்ணுக்கு வரும் ஓடிபியை இட்டு, டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பம்) அல்லது இவிசி (ஓடிபி வழிச் சரிபார்ப்பு) மூலம் சமர்ப்பிக்க வேண்டும். இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. இ-வே பில் போர்ட்டலிலும் போய், பொதுப் போர்ட்டலான ஜிஎஸ்டி தளத்தில் உள்ள விவரத்தைப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் அங்கே பழைய எண்ணே நிற்கும்.

திருட்டு இதற்கெல்லாம் மேல். உங்கள் பெயரில் திருடன் போலி ஆவணம் கொடுத்து மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி முழுவதும் அவன் கைக்குப் போகும். சிம் மாற்றியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை 2022ல் உத்தரவிட்டது நல்ல தடுப்பு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் 'நெட்வொர்க் இல்லை' என்று காட்டும் போனை டவர் பிரச்சினை என்று ஞாயிறு முழுக்க விட்டுவைத்தால் அந்த 24 மணி நேரம் கரைந்துவிடும். இதைவிட மலிவான திருட்டு, வாட்ஸ்அப்பில் 'ஆர்டிஓ சலான்', 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்பு. நிறுவும்போது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கேட்கும். கொடுத்தால் வரும் ஓடிபி எல்லாம் நகலாகி வெளியே போய்விடும்.

சந்தேஸ்

அரசின் மெசேஜ் செயலி. ஓடிபி டேட்டா வழியாக வரும். டவர் செத்து, ஆலையில் ஃபைபர் வைஃபை உயிரோடு இருக்கும் இடத்தில் இது கைகொடுக்கும். பர்கூர் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகளில் ஜூன், ஜூலை சீசனில் ராத்திரி பகலாக லோடு போகும்போது இது போதும். நெட்டும் போய்விட்டால் இதுவும் போச்சு. வேறு சொல்ல எதுவுமில்லை.

ஷீல்டு: கடிகாரத்தை நம்பும் பூட்டு

இதற்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். திறந்தவுடன் ஒரு குறியீடு தெரியும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்றவையும் இந்தக் குடும்பம்தான். இந்த வகையின் பொதுவான உள்வேலை எளிது: போனிலும் சர்வரிலும் ஒரே ரகசிய எண் இருக்கும், 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 30ஆல் வகுத்து, அந்த ரகசியத்தோடு கலந்து, ஆறு இலக்கத்தை இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்கிடும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். எதுவும் பயணப்படுவதில்லை, அதனால் வழிமறிக்கவும் எதுவுமில்லை.

'எல்லாம் சரியாக அடிக்கிறேன், தவறு என்கிறது' என்றால் பெரும்பாலும் குற்றவாளி போனின் நேரம். கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் திருத்திப் பயனில்லை. குறியீடு பிறப்பது போனில். செட்டிங்ஸில் தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகிவிடும். 30 விநாடியின் கடைசி நாலைந்து விநாடியில் அடிக்கத் தொடங்காமல் அடுத்ததற்குக் காத்திருப்பதும் நல்லது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இந்தச் செயலியைப் போர்ட்டலிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும் என்பது என்ஐசியின் அறிவுறுத்தல். பிளே ஸ்டோருக்கு வெளியே நிறுவ ஆண்ட்ராய்டில் 'அறியாத செயலி' அனுமதியைத் திறக்க வேண்டும். போலிச் சலான்காரனும் அதே கதவைத்தான் திறக்கச் சொல்கிறான். நிறுவி முடித்த கையோடு பிரவுசருக்குக் கொடுத்த அந்த அனுமதியை அணைத்துவிடுங்கள்.

இந்த 30 விநாடித் தந்திரம் ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் பட்டாநிலம். சாவிக்கொத்தில் தொங்கும் செக்யூர்ஐடி டோக்கனுக்கு அடிப்படையான காப்புரிமையை கென்னத் வைஸ் 1988ல் அமெரிக்காவில் பெற்றார். யாரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த இணையத் தரமாக, ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணமாக, அது வந்தது 2011 மே மாதத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த டோக்கனைத் தயாரித்த ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள் புகுந்து செக்யூர்ஐடி தொடர்பான தகவலைத் திருடினார்கள். ஜூனில் டோக்கன்களை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ரகசியங்களை ஒரே களஞ்சியத்தில் குவித்தால் ஒரே ஒரு கன்னக்கோல் போதும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 3(கே) பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவில் காப்புரிமைக்கு உரியதாக ஏற்பதில்லை. அந்த அளவின் எல்லை எதுவென்று வழக்குகள் ஓடிக்கொண்டிருந்தாலும், ஒரு சூத்திரத்துக்கு உரிமத்தொகை கேட்டு இங்கே நோட்டீஸ் வரும் பயம் அமெரிக்காவைவிடக் குறைவு.

பாஸ்கீ: போலித் தளத்தை மதிக்காத சாவி

மேலே சொன்ன மூன்றுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று. ஓடிபி எந்த வழியில் வந்தாலும் அதை அடிப்பது மனுஷன். போலிப் பக்கம் ஒன்றில் அடித்தால், பின்னால் இருக்கும் நிரல் அதே 30 விநாடிக்குள் உண்மைத் தளத்தில் அடித்து உள்ளே போய்விடும். ஷீல்டாலும் இதைத் தடுக்க முடியாது. கடவுச்சொல்லுக்குப் பதில் போனின் பூட்டைத் திறந்தே நுழையும் பாஸ்கீ மட்டும் தடுக்கும். போனுக்குள் இருக்கும் ரகசியச் சாவி தள முகவரியோடு பிணைந்தது; ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அந்தச் சாவியை எடுத்துத் தராது. ஏமாந்து கொடுக்க நம்மிடம் எண்ணே இல்லை.

இ-வே பில் போர்ட்டலின் மூன்று வழிகளில் பாஸ்கீ இல்லை. பிறகு ஏன் இங்கே பேச வேண்டும்? ஆபீஸ் ஜிமெயிலுக்காக. கடவுச்சொல் மறந்தால் பல சேவைகள் அங்கேதான் வழி அனுப்பும். 215 கிலோ டிரம்மில் கூழ் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது: மெயிலுக்குள் புகுந்தவன் பல நாள் சும்மா படித்துவிட்டு, பணம் வர வேண்டிய நேரத்தில் இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவான். கூகுள் கணக்குகளுக்கு 2023 மே முதல் பாஸ்கீ கிடைக்கிறது.

பழைய டெஸ்க்டாப்பில் இது அடம்பிடிக்கும். திரையில் வரும் க்யூஆரைப் போனில் ஸ்கேன் செய்தாலும், இரண்டும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று புளூடூத்தில் சரிபார்க்கும். கம்ப்யூட்டரில் புளூடூத் இல்லையென்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபீஸில் இதைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போகும். தீர்வோ யூஎஸ்பியில் செருகும் சில நூறு ரூபாய் புளூடூத் டாங்கிள், 4.0 அல்லது அதற்கு மேல்.

'சாவியைக் கூகுளிடமும் ஆப்பிளிடமும் கொடுத்துவிட்டு எங்கே போவது' என்ற எதிர்வாதம் நியாயமானது. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குச் சாவிகளை மாற்றும் முறைக்கு பாஸ்கீ தரத்தை வகுக்கும் ஃபிடோ கூட்டமைப்பு வரைவு வெளியிட்டதே 2024 அக்டோபரில்தான். ஆனால் ஆத்தென்டிகேட்டர் உலகமும் யோக்கியமில்லை: ஆத்தி என்ற ஆத்தென்டிகேட்டர் தன் டெஸ்க்டாப் செயலியை 2024 மார்ச்சில் மூடியது, ரகசியங்களை வெளியே எடுக்கவும் விடாது. ஏற்றுமதி செய்ய விடும் ஏஜிஸ் போன்ற திறந்தமூலச் செயலியே இந்த விஷயத்தில் மேல். பாஸ்கீக்கு யூஎஸ்பி சாவி வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று பீரோவில் இருக்கும்.

வங்கியில் தேர்வு உங்கள் கையில் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் ரிசர்வ் வங்கியின் விதிகள் வேறு வழிகளுக்கு இடம் தந்தாலும் எஸ்எம்எஸ்ஸைத் தடை செய்யவில்லை. வங்கி தருவதைத்தான் வாங்க வேண்டும். அந்த சிம்மையாவது வாட்ஸ்அப் ஃபார்வர்டு எல்லாம் திறக்கும் போனிலிருந்து பிரித்து வையுங்கள்.

இப்போது தொப்பூருக்கு. முதலாளியை எழுப்புவதோ, ஓடிபியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதோ தீர்வல்ல. இ-வே பில் போர்ட்டலில் துணைப் பயனர் உருவாக்கும் வசதி இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் டெஸ்பாட்ச் ஆளுக்கு அவர் எண்ணிலேயே ஒரு கணக்கு, பில் போடும் அதிகாரம் மட்டும். ஓடிபியும் அவருக்கே போகும். அவர் போனில் ஷீல்டு. வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே கணக்கை முடக்க வேண்டும். பில்லின் காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பும் பின்பும்தான் நீட்டிப்புக்கு வழி என்பதால், வண்டி பழுதானால் கூப்பிட வேண்டிய எண்ணாக டிரைவரிடம் முதலாளி எண்ணுக்குப் பதில் இந்த ஆளின் எண்ணைக் கொடுங்கள். மே மாதக் கடைசியில், சீசன் லோடு தொடங்கும் முன், அவர் போனை ஃபிளைட் மோடில் போடச் சொல்லி ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள்.