நாயைத் தனியா இருக்கப் பழக்குறோம்னு சொல்லி ரூ.14,500 முழுங்கிட்டாங்க

பெயரைப் போட்டா கேஸ் போடுவோம்னு மிரட்டுறாங்க, அதனால போடலை. வீட்டுக்கே நாய் ட்ரெய்னரை அனுப்புற ஆப் ஒண்ணு, அவ்வளவுதான். நாய் வச்சிருந்து வேலைக்கும் போறவங்க கண்டிப்பா படிங்க.

எங்க ஜிம்மி தெருவுல இருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் கிளம்பினா ஒரே ஊளை. கதவைப் பிராண்டிப் பிராண்டி கீழ பெயின்ட்டே இல்ல. அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல தினம் ஒரு புகார்.

ஆப்ல இருந்து முதல்ல வந்த ட்ரெய்னர் செருப்பை வெளியில விட்டுட்டு நேரா ஹால் தரையில உட்கார்ந்தார். ஜிம்மியை ஏறெடுத்தும் பார்க்கலை. அவனாவே போய் மோந்து பார்த்தான், கொஞ்ச நேரத்துல அவர் முட்டி மேல தாடையை வச்சுக்கிட்டான். யார்கிட்டயும் போகாத பய! “இது சேட்டை இல்லம்மா, பயம். மெதுவா பழக்கிடலாம்”னார். என் வீட்டுக்காரர் அங்கேயே முழுசா ஜிபே பண்ணிட்டார். ரூ.14,500.

அந்த மனுஷன் அப்புறம் வரவே இல்ல. அடுத்து ஒரு பையன் வந்தான், கையில கம்பிக் கூண்டும் ஷாக் காலரும். குலைச்சா கழுத்துல கரண்ட் அடிக்குமாம். “வெளிய போயிருங்க மேடம், தானா அடங்கிடும்.” கீழ பார்க்கிங்ல நின்னு போன்ல கேமராவைப் பார்த்தா, ஜிம்மி கம்பியைக் கடிக்கிறான், வாயெல்லாம் நுரை. ஓடிப்போய்த் திறந்தேன். முன்னங்கால் நகம் பிஞ்சு ரத்தம். ட்ரெய்னர் லிஃப்ட் பக்கத்துல ரீல்ஸ் பார்த்துட்டு நிக்கிறார்!

ஆப்காரங்ககிட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டா, “புகார் டிக்கெட் போட்டாச்சு மேடம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க.” கூப்பிடலை. திரும்பக் கேட்டா, “ட்ரெய்னர் எங்க ஸ்டாஃப் இல்ல, நாங்க அறிமுகம் மட்டும்தான் பண்றோம்.” பணம் மட்டும் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துச்சே? அடுத்து ஒருத்தி, “உங்க டாக் கோஆப்பரேட் பண்ணலை.” கடைசியா ஆப்ல ரூ.1,000 கிரெடிட் போட்டு டிக்கெட்டை மூடிட்டாங்க. கட்டினது ரூ.14,500!

எப்படிப் பழக்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல ஓடலை. கால்நடை டாக்டர் சொன்னதுல முக்கியமானது மட்டும்: தனியா இருக்கப் பயப்படுற நாயைத் தண்டிச்சா பயம்தான் ஏறும். சாவி, பை எடுத்தாலே பதறுதுன்னா, அதை எடுத்துட்டுக் கிளம்பாம வீட்லயே உட்காருங்க. கதவுக்கு வெளியே சில நொடி நின்னு பழக்கி, பதறாத அளவுக்குத்தான் நேரத்தைக் கூட்டணும். ரொம்ப முத்திப் போச்சுன்னா பயிற்சியோட மாத்திரையும் இருக்கு, டாக்டர் எழுதினா மட்டும் கொடுங்க. ஷாக் காலர்னு வாயைத் திறந்தா வாசலோட அனுப்பிடுங்க. முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவு பண்ணிட்டேன். அடுத்து நுகர்வோர் ஆணையம், நாம கட்டின பணம் ரூ.5 லட்சம் வரைக்கும்னா அங்க கட்டணம் கிடையாது. சாட், பில், கேமரா வீடியோ எல்லாம் பத்திரமா இருக்கு. இதே மாதிரி மாட்டினவங்க இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்தே போடலாம்.