சுங்கை சிப்புட்டில் நடக்கும் கடன்பத்திர வகுப்பு: ஒரு மதிப்பீடு

சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்தப்படும் நிலை வருமான (கடன் கொடுத்து வட்டி பெறும்) முதலீட்டு வகுப்பை, தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்து இன்று ஊழியர் சேமநிதியையும் (இபிஎஃப்) வங்கி வைப்பையும் நம்பி வாழும் எவரும் ஒருமுறையாவது சென்று கேட்க வேண்டும் என்பதே என் முடிவு. கட்டணம் 60 ரிங்கிட். தேநீரும் பலகாரமும் அதில் அடக்கம். பாடம் நடத்துபவர் வங்கியொன்றில் முதலீட்டுப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார். அவர் எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை, எந்த முகவரையும் அறைக்குள் அனுமதிப்பதுமில்லை. முதலீடு என்ற பெயரில் கூட்டம் போட்டு, கடைசியில் விண்ணப்பப் பாரத்தை நீட்டும் வழக்கத்தைக் கண்டு சலித்துப் போனவர்களுக்கு இது ஒன்றே பெரிய ஆறுதல்.

நம்மில் பலருக்கு நிலை வருமானம் என்றால் நிரந்தர வைப்பு, அதற்கு மேல் இபிஎஃப், அவ்வளவுதான். இந்த வகுப்பின் சிறப்பு, அந்தச் சிறு வட்டத்துக்கு வெளியே எவ்வளவு பெரிய சந்தை விரிந்து கிடக்கிறது என்பதை இரண்டே கேள்விகளைக் கொண்டு காட்டிவிடுவதில் இருக்கிறது. யாருக்குக் கடன் கொடுக்கிறோம், எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறோம் என்பவையே அக்கேள்விகள். அரசாங்கம் கடன் வாங்க வெளியிடும், ஓராண்டுக்குள் முதிர்ந்துவிடும் கருவூல உண்டியல்கள், 3 ஆண்டு முதல் 30 ஆண்டு வரை நீளும் அரசாங்கப் பத்திரங்கள், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கி அதற்கான பணத்தைக் கடன்பத்திரம் வழியே திரட்டுவதற்காக 1986-இல் அமைக்கப்பட்ட சகாமாஸ், 1990-இல் ஷெல் நிறுவனம் வெளியிட்ட சுக்கூக் (இஸ்லாமிய முறைப்படி அமைந்த கடன்பத்திரம்), 2012-இல் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனம் 3,060 கோடி ரிங்கிட்டுக்கு வெளியிட்ட சுக்கூக் என ஒவ்வொன்றையும் அந்த இரு கேள்விகளுக்குள் பொருத்திக் காட்டுகிறார். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகவர நாம் கட்டும் டோல் பணம் யாரோ ஒருவருக்கு முதலீட்டு வருமானமாகப் போய்ச் சேருகிறது என்பதைக் கேட்டபோது, கடன்பத்திரம் என்பது கோலாலம்பூர் கோபுரங்களுக்குள் நடக்கும் ஏதோ ஒன்று என்ற எண்ணம் அறையிலிருந்தே அகன்றுவிட்டது.

கடன் வேறு, உரிமை வேறு என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட சான்று இந்த ஊருக்கு மிகவும் பொருத்தமானது. இவ்வூரின் மைந்தரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. பத்துப் பத்து வெள்ளியாகப் பாட்டாளிகள் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. அந்தப் பங்கை வைத்திருப்பவர் தோட்டத்தின் உரிமையில் ஒரு துளியை வைத்திருக்கிறார். விளைச்சலும் விலையும் கூடினால் அவருக்குக் கூடும், குறைந்தால் குறையும். கடன்பத்திரம் வைத்திருப்பவருக்கோ பேசிய வட்டியும் போட்ட முதலும்தான் உரியவை. நிறுவனம் எவ்வளவு செழித்தாலும் அதற்கு மேல் ஒரு காசும் வராது, ஆனால் நொடித்துப்போனால் பங்குதாரருக்கு முன்பே இவருக்குத் தீர்வு கிடைக்க வேண்டும். இதை இத்தனை தெளிவாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வகுப்பின் உயிர்நாடி வட்டி உயர்ந்தால் பத்திரத்தின் விலை ஏன் இறங்குகிறது என்ற பகுதி. சூத்திரம் எதையும் எழுதாமல், 1,000 ரிங்கிட் முகமதிப்பும் (முதிர்வில் திரும்ப வரும் தொகை) ஆண்டுக்கு 40 ரிங்கிட் வட்டியும் கொண்ட ஒரு பத்திரத்தை வெள்ளைப் பலகையில் வரைந்தார். மறுநாளே அதே தரத்தில் 50 ரிங்கிட் தரும் புதிய பத்திரம் சந்தைக்கு வந்தால், பழையதை 1,000 கொடுத்து வாங்க யார் முன்வருவார் என்று கேட்டார். முதிர்வுக்கு இன்னும் 10 ஆண்டு இருந்தால் பழையதன் விலை சுமார் 923 ரிங்கிட்டுக்கு இறங்கும் என்றும், 2 ஆண்டே இருந்தால் சுமார் 981 வரைதான் இறங்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டியபோது, காலம் நீள நீள அடியும் பலமாக விழும் என்பது கண்ணெதிரே நின்றது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டி விகிதத்தை 2022 மே மாதத்துக்கு முன்பிருந்த 1.75 விழுக்காட்டிலிருந்து ஓராண்டுக்குள் 3 விழுக்காட்டுக்கு உயர்த்தியதும், 2025 ஜூலையில் 2.75-க்கு இறக்கியதும் பத்திரம் வைத்திருந்தவர்களை எப்படித் தொட்டிருக்கும் என்பதை அதன்பின் நாமே சொல்ல முடிந்தது.

முன்வரிசையில் அமர்ந்திருந்த, பால்மரம் சீவி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எழுந்து, "அப்படின்னா என் இபிஎஃப் காசும் இப்படித்தான் இறங்குமாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா. ஏற்றமும் இறக்கமும் வாரியத்தின் கணக்கில் நடக்கிறது. உங்கள் கணக்கில் ஆண்டுதோறும் ஈவுத்தொகைதான் சேர்கிறது. வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு உறுதி. ஷரியா சேமிப்புக்கு மாறியிருந்தால் அந்த உறுதி கிடையாது" என்று அவர் நிதானமாகப் பதிலளித்தார். கேட்டவர் தன் மகனிடம் அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அரசாங்கம் தவறாமல் கடனைத் திருப்பினாலும் நட்டம் வரலாம் என்பதற்கு, 2023 மார்ச்சில் வீழ்ந்த சிலிக்கான் வேலி வங்கியை எடுத்துக்காட்டினார். வட்டி மிகக் குறைவாக இருந்த காலத்தில் நீண்ட கால அமெரிக்கப் பத்திரங்களை வாங்கிக் குவித்த அவ்வங்கி, வட்டி ஏறி விலை சரிந்த நேரத்தில் வைப்பாளர்கள் பணத்தைக் கேட்டதால் நட்டத்துக்கு விற்க நேர்ந்தது. வெளிநாட்டுப் பத்திரங்களில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட்டை நெருங்கிய மதிப்பு அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு வந்தபோது, டாலர் பத்திரம் வைத்திருந்த மலேசியருக்கு, பத்திரத்தின் விலை மாறாமல் இருந்திருந்தாலும்கூட, ஏழில் ஒரு பங்கு கரைந்திருக்கும்.

கடன் வாங்கியவர் திருப்பித் தரும் திறனுக்கு இடப்படும் தர மதிப்பீடு பற்றிய பகுதி சுருக்கமானது, போதுமானது. டிரிப்பிள் ஏ முதல் டி வரை, டிரிப்பிள் பி-க்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை என்பதோடு முடித்துக்கொண்டார்.

சாதாரண மக்களால் எதை வாங்க முடியும் என்ற கேள்விக்கு அவர் மழுப்பவில்லை. நிறுவனப் பத்திரங்களில் பெரும்பாலானவை நிதி நிறுவனங்களுக்கிடையே பெருந்தொகைகளில் கைமாறுபவை; அவை நம் கைக்கு எட்டாது. அவ்வப்போது திறக்கும் வாசல்களாக 2009-இல் 5 விழுக்காடு தந்த சுக்கூக் சிம்பானான் ரக்யாட், எம்ஆர்டி ரயில் திட்டத்துக்காக 2013-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட டானாஇன்ஃப்ரா சுக்கூக், 2020-இல் 500 ரிங்கிட்டிலிருந்தே வாங்க முடிந்த சுக்கூக் பிரிஹாத்தின் ஆகியவற்றைக் குறிப்பிட்டார்.

எனக்கு மனக்குறை இருப்பது இந்த இடத்தில்தான். நம் ஊர்க்காரர் ஒருவர் கடன்பத்திரச் சந்தைக்குள் நுழைய எப்போதும் திறந்திருக்கும் வாசல், பலரது பணத்தைத் திரட்டிப் பல பத்திரங்களில் போடும் நிதியான கடன்பத்திர யூனிட் டிரஸ்ட்; அதற்கு ஒதுக்கப்பட்டதோ கடைசிக் கால் மணி நேரம். தனிப் பத்திரத்துக்கு முதிர்வு நாள் உண்டு. இடையில் விலை சரிந்தாலும், வெளியிட்டவர் நொடிக்காதவரை அந்நாளில் முழுத் தொகை வரும். நிதிக்கு அப்படியொரு நாள் கிடையாது, அது பழையதை விட்டுப் புதியதை வாங்கிக்கொண்டே போகும். இந்த வேறுபாட்டையும், நுழைவுக் கட்டணமும் ஆண்டு நிர்வாகக் கட்டணமும் 4 விழுக்காட்டு வருமானத்தில் எவ்வளவைத் தின்றுவிடும் என்பதையும் பலகையில் கணக்கிட்டுக் காட்டியிருக்க வேண்டும். வங்கி முகப்பிலேயே விற்கப்பட்டாலும் யூனிட் டிரஸ்ட்டுக்கு, வங்கி நொடித்தால் வைப்பாளருக்கு ஈடு தரும் மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் (பிஐடிஎம்) காப்பு இல்லை. ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை என்ற அந்தக் காப்பு வைப்புகளுக்கே உரியது, கூட்டுறவுச் சங்க வைப்புகளுக்கும் கிடையாது. இதை அவர் சொன்னார்தான். ஆனால் நாற்காலிகள் நகரத் தொடங்கிய பிறகு சொன்னார். கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும் குறையே. பேச்சைத் தமிழில் தொடர்ந்தவர்கள் வீட்டில் அதைத் திருப்பிப் பார்க்க யாரிடமாவது உதவி கேட்க வேண்டியிருக்கும்.

இருந்தும், மாதம் 5 விழுக்காடு உறுதி என்று கைப்பேசியில் வரும் அழைப்புகளை எடைபோட அவர் தந்த அளவுகோலுக்காகவே 60 ரிங்கிட் தகும். நாட்டின் அரசாங்கமே பத்தாண்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காட்டை ஒட்டித்தான் தரும்போது, அதை ஒரே மாதத்தில் தருவதாகச் சொல்பவர் எந்தத் தொழிலில் அந்தப் பணத்தை ஈட்டுகிறார் என்று கேட்கச் சொன்னார். பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடும் முறையையும் திரையில் காட்டினார். சேமநிதியை மொத்தமாக எடுக்கும் 55 வயதை எட்டுபவர்களை வீட்டில் வைத்திருப்போர் அவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும். ஏற்கெனவே யூனிட் டிரஸ்ட் வாங்கியிருப்பவர்கள் தங்கள் கணக்கறிக்கையை எடுத்துச் சென்று, தேநீர் இடைவேளைக்கு முன்பே கட்டணத்தைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.