ஜட்ஜா, ராலியா? 2025 எம்விபி-க்கு என் ஓட்டு கேட்சருக்கே

அமெரிக்க பேஸ்பாலின் இரு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் 2025-ன் எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது யாருக்கு என்று நண்பர்களுக்குள் ஆளுக்கொரு பெயர் எழுதினோம். நான் எழுதியது சியாட்டில் மரைனர்ஸ் அணியின் கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னாலிருந்து பந்தைப் பிடிப்பவர்) கால் ராலியின் பெயரை. விருது நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜுக்குப் போனது. முதலிடத்துக்கான 30 ஓட்டில் அவருக்கு 17, ராலிக்கு 13. இன்று மறுபடி கேட்டாலும் நான் ராலி என்றுதான் எழுதுவேன்.

மட்டையை மட்டும் வைத்துப் பேசினால் ஜட்ஜுக்குப் பக்கத்தில் யாருமில்லை. 53 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே போகும் அடி), லீக்கிலேயே முதலாவதான .331 சராசரி, ஓபிஎஸ் (தளம் அடையும் விகிதத்தையும் அடியின் பலத்தையும் கூட்டிய கணக்கு) 1.144. ராலி அடித்தது 60, ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்) 125, ஆனால் சராசரி .247தான். எதிரணிகள் 36 முறை ஜட்ஜுக்கு வேண்டுமென்றே வாக் (அடிக்கவிடாமல் முதல் தளத்துக்கு இலவசமாக அனுப்புவது) கொடுத்தன. அமெரிக்கன் லீக்கில் ஒரே சீசனில் வேண்டுமென்றே கொடுத்த வாக் இத்தனை வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. முழங்கைக் காயத்தால் சில நாள் ஆடவும் இல்லை. இவை இல்லாதிருந்தால் 60-க்கும் 53-க்கும் உள்ள இடைவெளி சுருங்கியிருக்கலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: அடிக்காத நேரத்தில் அந்த உடம்பு என்ன பாடுபட்டது என்பது.

கிரிக்கெட் விக்கெட் கீப்பரை மனதில் வைத்து கேட்சரை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும். கேட்சர் உட்காருவது மட்டைக்கு நேர் பின்னால், கை எட்டும் தூரத்தில். ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 140 பந்துக்குக் குந்தி எழ வேண்டும். பந்து மட்டை விளிம்பில் உரசினால் திசை மாறி முகமூடியிலோ தோளிலோ விரலிலோ வந்து அறையும். தரையில் குத்தி வரும் பந்தைக் கையால் பிடிக்கப் பார்க்கக் கூடாது; முழங்காலில் விழுந்து நெஞ்சைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். பிட்சர் அடுத்து என்ன வீசலாம் என்று சொல்வதும் அவர்தான். இன்னிங்ஸ் மாறியதும் கால் கவசத்தைக் கழற்றிவிட்டு மட்டையோடு போக வேண்டும். ராலி இப்படிச் சுமார் 120 ஆட்டம் கேட்சராக நின்றார். மீதி நாட்களில் ஓய்வெடுக்காமல் டிஎச் (களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) ஆக இறங்கினார். மொத்தம் 159 ஆட்டம்.

இந்த வேலையைப் பார்ப்பவரிடம் யாரும் 60 ஹோம் ரன் எதிர்பார்ப்பதில்லை. அதற்கு முன் கேட்சர்களில் அதிகபட்சம் 2021-ல் சால்வடோர் பெரெஸ் அடித்த 48. வலது, இடது என இரு பக்கமும் நின்று மட்டை பிடிப்பவர்களில் 1961-ல் மிக்கி மேன்டில் அடித்த 54. ராலி இரண்டையும் ஒரே சீசனில் தாண்டினார்.

சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளையில் அவர் கணக்கு 38 ஹோம் ரன். அதையொட்டிய வாரங்களில் சராசரி சரிந்தது உண்மை. கால் ஓய்ந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் செப்டம்பர் 24 அன்று கொலராடோ ராக்கீஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு அடித்து 60-ஐத் தொட்டார். அன்றுதான் மரைனர்ஸ் 2001-க்குப் பிறகு முதல்முறையாக லீக்குக்குள் தங்கள் பிரிவான டிவிஷனை வென்றது. சீசன் முடிய நாலு நாள் இருக்கையில், கேட்சர்களின் முழங்கால் கெஞ்சும் நேரத்தில், இது நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

என் பக்கம் ஒரு சாய்வு உண்டு. யாங்கீஸின் உள்ளூர் ஆட்டம் நமக்கு விடிகாலை நாலரைக்குத் தொடங்கும்; சியாட்டிலில் நடப்பது காலை ஏழு மணி வாக்கில். அதனால் நேரலையில் ராலியைப் பார்த்த அளவுக்கு ஜட்ஜைப் பார்க்கவில்லை. இன்னொன்று, பிட்ச் ஃப்ரேமிங். விளிம்பில் வரும் பந்தைக் கையுறை அசைவிலேயே ஸ்ட்ரைக் (மட்டைக்காரருக்கு எதிராகக் கணக்கிடப்படும் பந்து) ஆக்கும் அந்த நுணுக்கத்தை டிவியில் பார்த்து என்னால் சரியாக மதிப்பிட முடிவதில்லை. 2024-ல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பிளாட்டினம் க்ளவ் விருது வாங்கியவர் என்ற நம்பிக்கையில்தான் அதையும் அவர் கணக்கில் சேர்த்தேன். அதைக் கழித்துவிட்டால் போட்டி இன்னும் நெருங்கும். அப்போதும் ராலிக்குத்தான் போடுவேன், ஆனால் இத்தனை அழுத்திச் சொல்லமாட்டேன்.