கரகரக்கும் பழைய ஸ்பீக்கர்: ஃபோமை மாற்றுவதா, வூஃபரையே மாற்றுவதா?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மத்திய கிழக்கிலிருந்து வந்திறங்கிய ஸ்டீரியோ செட்டுகள் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் சில வீடுகளில் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் முதலில் பழுதாவது ஸ்பீக்கர். தவில் அடி விழுகிற இடத்தில் மட்டும் 'பர்ர்' என்று சத்தம் கிழியும். யோசனை கேட்டால் நாலு வழி சொல்வார்கள்: ஓரத்து ஃபோமை மாற்று, கோனையும் (அதிரும் கூம்பு) கொயிலையும் (அதை அசைக்கும் கம்பிச்சுருள்) மாற்று, தாழ்ந்த ஒலியை, அதாவது பேஸை எழுப்பும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரையே முழுதாகப் புதிதாகப் போடு, எல்லாவற்றையும் வீசிவிட்டு ப்ளூடூத் பெட்டி வாங்கு. வீட்டுப் பெட்டிகள் பலவற்றுக்கு முதல் வழியே போதும் என்பது என் கட்சி. ஆனால் கடைக்காரருக்குச் சுலபம் மூன்றாவது வழிதான்.

எதற்கும் முன், குற்றவாளி ஸ்பீக்கர்தானா என்று பாருங்கள். அம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு அதே பெட்டியில் இருந்தால் பிழை பெட்டியில். மற்றப் பெட்டிக்குத் தாவினால் பிழை அம்ப்ளிபயரிலோ அதற்கு முந்தைய இணைப்பிலோ. வொலியூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் குமிழின் உள்ளே அழுக்கு, கொன்டாக்ட் கிளீனர் போதும். இதைச் செய்யாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்கு ஓடாதீர்கள்.

பிழை பெட்டியில்தான் என்றால் முன்பக்க வலையைக் கழற்றுங்கள். கோனைச் சுற்றியுள்ள வளையம் தொட்டதும் உதிர்கிறதா, தார் மாதிரி விரலில் ஒட்டுகிறதா? அது பொலியூரித்தேன் ஃபோம். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் 15, 20 வருடத்தில் அது மக்கிவிடும். காற்றின் ஈரம் அதன் இரசாயனப் பிணைப்பை உடைப்பதுதான் காரணம் என்பதால், கொழும்பு மாதிரியான ஊரில் அதற்கு ஆயுள் கெட்டி இல்லை. ரப்பர் வளையம் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

அடுத்து, கொயில் நலமா? இரு கை விரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் கொயில் காந்தத்தில் தட்டுகிறது. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்: ஃபோம் போன கோன் ஒரு பக்கம் சரிவதாலும் உரசும். பழைய ஃபோமை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள். இப்போது வழுக்கிக்கொண்டு போனால் கொயில் தப்பியது. மல்டிமீற்றர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6, 7 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது.

கொயில் நலமென்றால் ஃபோம் மாற்றுவதற்கு நிகர் இல்லை. கோன், காந்தம், கொயில் எல்லாம் பழையபடியே இருப்பதால் பெட்டியின் குரலும் மாறாது. வேலை பொறுமையைக் கேட்கும். அதிலும் பழைய பசையைச் சுரண்டுவதில்தான் பாதி நேரம் போகும். '8 இஞ்ச்' என்று மட்டும் சொல்லி வளையம் வாங்காதீர்கள், கம்பனிக்குக் கம்பனி அளவு வேறு. கோனின் விட்டத்தையும் சட்டத்தின் உள்விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். ஒட்டும்போது 30 ஹேர்ட்ஸ் ஒலியைச் சன்னமாக ஓடவிட்டால் உரசல் இருந்தால் உடனே தெரியும், பசை காயுமுன் நகர்த்திச் சரிசெய்யலாம். ரப்பர் வளையம் நீடிக்குமே என்று அதைப் போடச் சொல்வார்கள். ஃபோமுக்காக வடிவமைத்த கோனில் விறைப்பான ரப்பரை ஒட்டினால் பேஸ் குறையும். நான் போடமாட்டேன்.

கோன், கொயில் இரண்டையும் மாற்றுவது கோயில் திருவிழாப் பெட்டிகளுக்குச் சரி. அவற்றுக்குப் போடும் கனத்த கோனை வீட்டு வூஃபரில் போட்டால் மிஞ்சுவது பழைய காந்தமும் சட்டமும்தான், பழைய குரல் இல்லை.

புதிய வூஃபர்? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போய், ஓட்டைக்குப் பொருந்துவதாக ஒன்றை வாங்கி, அன்றே பூட்டிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு வூஃபருக்கு எவ்வளவு கொள்ளளவுள்ள பெட்டி வேண்டும் என்பதைக் கணக்கிடும் முறையை நெவில் தீல் 1961இல் அவுஸ்திரேலியாவில் வெளியிட்டார்; எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். அந்தக் கணக்குக்கு வேண்டிய வூஃபரின் அளவுகள் பெட்டியோடு ஒத்துப்போகாவிட்டால் பேஸ் ஒன்றில் கும்மென்று வீங்கும், இல்லாவிட்டால் மெலியும். மலிவான வூஃபர்களில் அந்த அளவுகளை அச்சிடுவதே அபூர்வம். கார் ஸ்பீக்கரைப் போடும் ஆசையும் வேண்டாம்: அவை பெரும்பாலும் 4 ஓம், 8 ஓமுக்குச் செய்த அம்ப்ளிபயர் சூடேறும். கொயில் எரிந்துவிட்டதால் வேறு வழியே இல்லை என்றால், இரண்டு பெட்டிக்கும் ஒரே ஜோடியாக வாங்குங்கள்.

ப்ளூடூத் பெட்டி சின்ன ஃபிளாட்டுக்கு வசதிதான். ஆனால் தள்ளித் தள்ளி வைத்த இரண்டு பெட்டிகளின் ஸ்டீரியோ விரிவு ஒற்றைப் பெட்டியில் வராது.

கரகரப்பு பேஸில் இல்லாமல் 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் மட்டும் இருந்தால் வூஃபரைத் தொட வேண்டியதில்லை. அங்கே உயர்ந்த ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சந்தேகியுங்கள். ஓசை மங்கிப்போயும் இருந்தால், அதற்குப் போகும் வயரில் உள்ள கப்பாசிற்றரையும் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சின்னப் பாகம்) பாருங்கள். மாற்றுவதென்றால் அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ட், முனை இல்லாத வகை என்று கேட்டு வாங்குங்கள். ரேடியோவுக்குப் போடும் பிளஸ், மைனஸ் உள்ளது இங்கே உதவாது.